சரிவரும் எண்டு சொல்லாத மனுசி

நெடுந்தீவுக்குப் போற லோஞ்சிலை ஒருநாள், பக்கத்திலை இருந்த வயசான மனுசி ஒருத்தி என்னோடை வந்த புறொபசர் மிஸ்ஸின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டா, "பிள்ளை, போய்ச் சேருவமோ?"

குறிகட்டுவானிலை ஏறேக்கையே காத்து சரியில்லை. நடுக்கடலுக்கு வந்தாப்பிறகு லோஞ்சு ஒரு பக்கம் சரியிறதும் நிமிர்றதுமாய்க் கிடந்தது. கீழ்த்தட்டிலை பாதிச் சனம் சத்தி எடுக்குது. அந்த நேரத்திலை ஆரும் என்ன சொல்லுவினம்? "ஓமம்மா, இந்தா வந்திட்டுது, பயப்பிடாதேங்கோ" எண்டுதானே சொல்லுவினம். இவா என்ன செய்தவா தெரியுமோ? இஞ்சின் பக்கம் ஒருக்கா எட்டிப் பாத்தா. வானத்தைப் பாத்தா. பேனை மூடியைச் சொண்டிலை வைச்சுக்கொண்டு யோசிச்சா. பிறகு சொன்னா, "எனக்குத் தெரியாது அம்மா. நான் வந்த நாளெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறன். இண்டைக்குத் தெரியாது."

அந்த மனுசி "அம்மாளாச்சி" எண்டு குழறத் துவங்கினா. எனக்கு வந்த கோபத்துக்கு இவாவைத் தூக்கிக் கடலுக்குள்ளை போட்டிருப்பன். ஆனால் ஒண்டு சொல்லவேணும். கரை வருமட்டும் அந்த மனுசியின்ரை கையை இவா விடேல்லை. மனுசி சீலையிலை சத்தி எடுத்ததைத் தன்ரை லேஞ்சியாலை துடைச்சும் விட்டவா. ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. அது அவாவாலை ஏலாது.

எங்கடை பக்கத்திலை "எல்லாம் சரிவரும்" எண்டதை ஆரும் யோசிச்சுச் சொல்லுறேல்லை. பிள்ளை சோதினையிலை தவறினால் சொல்லுவம். விசா கிடைக்கேல்லையெண்டால் சொல்லுவம். செத்தவீட்டிலைகூடச் சொல்லுவம். என்ரை மாமி, மனுசன்ரை தாய், கண் ஒப்பரேசனுக்கு யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டு நிக்கேக்கை இவா வந்தவா. மாமி ஆசையாய், "என்ன பிள்ளை, சரிவரும்தானே?" எண்டு கேட்டா. "கனபேருக்குச் சரிவந்திருக்கு, கொஞ்சப்பேருக்குச் சரிவரேல்லை" எண்டு இவா சொன்னா. மாமிக்கு ஒப்பரேசன் நல்லாத்தான் முடிஞ்சது. ஆனால் அதுக்குப் பிறகு இவாவுக்கு மாமி தன்ரை கையாலை தேத்தண்ணி ஊத்திக் குடுக்கேல்லை. நான்தான் ஊத்துவன்.

அவா பல்கலைக்கழகத்திலை பொருளியல் படிப்பிக்கிற புறொபசர். கட்டையான மனுசி, ஆம்பிளையள் கட்டிற மணிக்கூடு ஒண்டு கட்டியிருப்பா, காத்திலை விரிக்க ஏலாத ஒரு குடையை எந்த நாளும் கொண்டுதிரிவா. நாட்டிலை வியாபாரம் ஏன் சில காலம் எழும்புது, ஏன் சில காலம் விழுது எண்டுதான் அவான்ரை ஆராய்ச்சி. கொழும்பிலை பெரிய வங்கி வட்டியைக் கூட்டினால் அது எங்கடை தீவுக்கரைக்கு வந்துசேர எவ்வளவு காலமெடுக்கும், சனம் அதைக் கேட்டு என்ன நினைக்கும், என்ன செய்யும். நாணயக் கொள்கை எண்டு அதுக்கொரு பெயரும் சொல்லுவா. நான் ஊர்காவற்றுறையிலை கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரிலை எழுத்துவேலை பாத்துக்கொண்டிருந்தனான். வர்த்தகம் படிச்சிருக்கிறன் எண்டு ஆரோ சொல்லி, மாதத்திலை ஆறு நாள் தன்னோடை வந்து வீடுவீடாய்க் கேள்வி கேக்க என்னைப் பிடிச்சுக்கொண்டா.

முதல் மாதம் நல்ல பகிடி. வீட்டு வாசலிலை நிண்டு, "நான் வட்டியைப் பற்றி ஆராயிறன்" எண்டு சொன்னா. பெண்டுகள் எல்லாம் குசினிக்குப் பின்னாலை ஒளிச்சிட்டினம். கிழமைக்குக் கிழமை கடன்காசு அறவிட வாற கொம்பனிப் பிள்ளையள் எண்டு நினைச்சிட்டினம். "அம்மா வீட்டிலை இல்லை" எண்டு வேலிக்குள்ளாலை அம்மாவே சொல்லிச்சுது. அண்டையிலிருந்து அவாவுக்கு வட்டி மிஸ் எண்டு பெயர். அவாவுக்கும் தெரியும். கோவிக்கிறேல்லை.

குறிகட்டுவானிலை ஒரு தேத்தண்ணிக் கடை. ஒவ்வொரு மாதமும் அதே கடையிலை ஒரு பிளேன்ரீ, ஒரு பணிஸ். விலையைக் கேட்டு எழுதுவா. கடைக்காரர் இவாவைத் தூரத்திலை கண்டாலே விலை எழுதின மட்டையைத் திருப்பி வைப்பார். "அண்ணை, நான் விலைக் கட்டுப்பாட்டு ஆள் இல்லை" எண்டு அவாவும் எத்தனையோ தரம் சொல்லிப் பாத்தவா. அந்தாள் நம்பேல்லை. கடைசிவரைக்கும் இவாவுக்கு மட்டும் பழைய விலைக்குத்தான் குடுத்தார். அதனாலை அந்தக் கடையின்ரை விலை முழுக்கப் பிழையெண்டு ஒருநாள் பஸ்ஸுக்குள்ளை இருந்து அழாக்குறையாய்ச் சொன்னா.

கேள்வி அஞ்சுதான். அதிலை முக்கியமானது, "வாற வருசம் இந்த நேரம் சாமான் விலை கூடியிருக்குமோ, குறைஞ்சிருக்குமோ, இப்பிடியே இருக்குமோ?" அனலைதீவிலை ஒரு அக்கா அதுக்கு, "அதை அந்தோனியாரைத்தான் கேக்கவேணும்" எண்டா. நான் "தெரியாது" எண்ட பெட்டிக்குள்ளை புள்ளடி போட்டன். பின்னேரம் தாளைப் பாத்த மிஸ், "இந்த வீட்டிலை உண்மையாய் என்ன சொன்னவை?" எண்டு கேட்டா. சொன்னன். அவ்வளவுதான்.

"தெரியாதெண்டு அவா சொல்லேல்லையே. தெரிஞ்ச ஒராள் இருக்கிறார் எண்டெல்லோ சொல்லியிருக்கிறா. ரெண்டும் ஒண்டோ?"

"மிஸ், ரெண்டும் ஒண்டுதான்."

"இல்லை. சனம் சொல்லுறதை நீர் வடிவாக்கி எழுதாதையும். அவை எப்பிடிச் சொல்லிச்சினமோ, அப்பிடியே எழுதும்."

கடைசி வள்ளம் வெளிக்கிட அரைமணித்தியாலம் இருக்குது. அந்த வெயிலுக்குள்ளை திருப்பி நடத்திக் கூட்டிக்கொண்டு போய், அந்த அக்காவிட்டைத் திருப்பிக் கேக்கவைச்சா. அந்தக்கா திருப்பியும் அந்தோனியார் எண்டுதான் சொன்னா. எழுதினன். வள்ளத்தைப் பிடிக்க ஓடேக்கை என்ரை செருப்பு அறுந்துபோச்சு.

ஏன் இந்த விசர் எண்டு வள்ளத்துக்குள்ளை இருந்து கேட்டன். அப்பதான் விளங்கப்படுத்தினா. "வாற மாதம் சீனி விலை கூடும் எண்டு எல்லாரும் நம்பினால் என்ன செய்வினம்?"

"இண்டைக்கே ரெண்டு கிலோ கூட வாங்கிவைப்பம்."

"எல்லாரும் அப்பிடி வாங்கினால்?"

"இண்டைக்கே விலை கூடிப்போம்."

"அப்ப விலையைக் கூட்டினது ஆர்?" சனம் நாளைக்கு என்ன நடக்கும் எண்டு நினைக்குதோ, அதுதான் பாதி நடக்கிறது எண்டா. அதாலைதான் கொழும்பிலை இருக்கிறவை வட்டியாலை மட்டுமில்லை, வாயாலையும் விலையைப் பிடிக்கப் பாப்பினமாம். ஆனால் சொன்னதைச் செய்யிற ஆக்கள் எண்டு சனத்துக்கு நம்பிக்கை இருந்தால்தான் வாய் வேலைசெய்யுமாம். எனக்கு அண்டைக்கு அறுந்த செருப்பிலைதான் கவனம்.

என்ரை மனுசனுக்கு அவாவிலை நல்ல மதிப்பு. இவர் வள்ளம் வைச்சுத் தொழில் செய்தவர், சொந்த வள்ளம், சொந்த இஞ்சின். மிஸ் முதன்முதல் எங்கடை வீட்டுக்கு வந்தண்டு, வியாபாரம் விழுறதும் எழும்புறதும் பற்றி அவா சொல்ல, இவர் பெரிய விளக்கம் குடுத்தார். "விளங்குது மிஸ். வத்தும் பெருக்கும்தானே. வத்தினால் பெருகத்தானே வேணும்." கடல்காரருக்கு அது கையிலை கட்டியிருக்கிற மணிக்கூடு. இத்தனை மணிக்கு வத்தும், இத்தனை மணிக்குப் பெருகும்.

"அங்கைதான் பிழைக்குது தம்பி," எண்டா அவா. "கடலுக்குச் சந்திரன் இருக்குது. இதுக்கு ஆரிருக்கினம்? எப்ப பெருகும், பெருகுமோ எண்டு சொல்ல இதுக்கு நேரசூசி இல்லை."

இவருக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சு. அவா போனபிறகு என்னட்டைச் சொன்னார், "இஞ்சை வந்துபோற ஆக்களுக்குள்ளை இந்த மனுசி ஒராள்தான் எங்களுக்குப் புளுகாத ஆள். வாறவன் போறவன் எல்லாரும் சரிவரும் சரிவரும் எண்டிட்டுப் போறாங்கள். இவா சரிவரும் எண்டு சொன்னால், அண்டைக்கு நான் நம்புவன்." அப்பிடிச் சொன்னது அவர்தான். நான் அதை மறக்கேல்லை.

பிறகு நாடு விழுந்த காலம் வந்தது. எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. மா இல்லை, பால்மா இல்லை, காஸ் இல்லை. எங்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை. வள்ளத்து இஞ்சின் மண்ணெண்ணெயிலைதான் ஓடும். ரெண்டு நாள் வரிசையிலை கான் வைச்சால் ஒருநாள் தொழிலுக்குக் காணாது. கொழும்பிலை வட்டியை ஒரேயடியாய்க் கூட்டிச்சினம். சங்கத்திலை கடன் கேட்டு வந்த ஆக்கள் வட்டியைக் கேட்டிட்டுத் திரும்பிப் போச்சினம். வள்ளம் கரையிலை கிடந்து காயுது. களவுக்குப் பயந்து இவர் இஞ்சினைக் கழட்டிக் கொண்டுவந்து எங்கடை அறைக்குள்ளை கட்டிலுக்குப் பக்கத்திலை சாக்குப் போட்டு மூடி வைச்சார். மண்ணெண்ணெய் இல்லாத நாட்டிலை மண்ணெண்ணெய் மணத்துக்குள்ளை படுத்தனாங்கள்.

காரைநகரிலையிருந்து ஒராள் வந்து வள்ளத்தையும் இஞ்சினையும் பாத்திட்டுப் போனார். விலை சொன்னார். அந்தக் காசு கட்டாருக்கு வேலைக்கு ஆக்களை அனுப்புற ஏஜென்சிக்குக் கட்டக் காணும் எண்டு இவர் கணக்குப் பாத்தார். விக்கிறதெண்டால் இவர் போறது. போறதெண்டால் ஆகக் குறைஞ்சது ரெண்டு வருசம். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. இவர் போனால் அந்த வீட்டிலை நானும் மாமியும்தான்.

போகாதேங்கோ எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. ஏன் எண்டு எனக்கு வடிவாய்த் தெரியும். நான் மறிச்சு அவர் நிண்டு, நாளைக்கு உலையிலை போட அரிசி இல்லாமல் போனால், அந்தப் பழி என்ரை தலையிலை விழும். அந்தப் பயம். அப்பிடிப்பட்ட கோழைதான் நான்.

அந்த மாதம் நயினாதீவிலை வேலை முடிஞ்சு இறங்குதுறையிலை நிக்கேக்கை மிஸ்ஸிட்டைக் கேட்டன். "மிஸ், இவர் வள்ளத்தை விக்கப் போறார். விக்கிறதோ, வைச்சிருக்கிறதோ? இது எப்ப சரிவரும்?"

"எனக்குத் தெரியாது."

"நீங்கள் இதைத்தானே மிஸ் இவ்வளவு காலமும் படிச்சனீங்கள்."

"படிச்சபடியால்தான் தெரியாதெண்டு சொல்லுறன். ஆக அடி எதெண்டு அடியிலை நிக்கேக்கை ஆருக்கும் தெரியாது. ஏறிப்போய்க் கனகாலத்துக்குப் பிறகுதான் திரும்பிப் பாத்து, இதுதான் அடியெண்டு நாங்கள் எழுதுறது."

"அவர் போயிடுவார், மிஸ்."

அவா என்ரை முகத்தைப் பாத்தா. அவாவுக்கும் கண் கலங்கினது. அப்பவும், "தெரியாததைத் தெரியுமெண்டு சொல்லி ஒரு மனுசன்ரை வள்ளத்திலை நான் விளையாட மாட்டன்" எண்டுதான் சொன்னா. லோஞ்சு வந்தது, ஏறினம்.

வீட்டை போனால் இவர் முத்தத்திலை குந்தியிருக்கிறார். காரைநகர் ஆள் பின்னேரம் முடிவு கேட்டுப் போன் எடுக்கப் போறாராம். "மிஸ்ஸைக் கேக்கிறன் எண்டனியே. நீ கேட்டனியோ? என்னவாம்?"

நான் செருப்பைக் கூடக் கழட்டேல்லை. சொன்னன், "சரிவருமாம்."

அவர் நிமிர்ந்து பாத்தார். "அவாவே சொன்னவாவோ? அந்தச் சொல்லோ?"

"ஓம். ஆறேழு மாதத்திலை சரிவருமாம். விக்கவேண்டாமாம்."

எழும்பி முத்தத்திலை ரெண்டுதரம் நடந்தார். பிறகு போனை எடுத்து, "இல்லை அண்ணை, நான் விக்கேல்லை" எண்டு சொன்னார். அண்டைக்கு இரவு எத்தினையோ நாளைக்குப் பிறகு நல்லாச் சாப்பிட்டார். நான் என்ரை சோத்தையும் அவருக்கே போட்டன்.

இவர் ஒருத்தரோடை நிண்டிருந்தால் பரவாயில்லை. அவருக்கு வாய் சும்மா கிடக்குமோ? கரை முழுக்கப் போய்ச் சொல்லிப்போட்டார். வட்டி மிஸ் சரிவரும் எண்டு சொல்லிப்போட்டாவாம். வேறை ஆர் சொல்லியிருந்தாலும் காத்தோடை போயிருக்கும். அந்த மனுசி சொன்னாவெண்டால் அது வேறை. இஞ்சினை விக்க நிண்ட ரெண்டு பேர் விக்கேல்லை. ஒராள் கிழிஞ்ச வலையை எடுத்துப் பொத்தத் துவங்கினார். தொழிலே இல்லை, வலை பொத்துகினம். கரையிலை சிரிப்புச் சத்தம் கேட்டுது. நான் கரைவழியை விட்டு, சுத்துவழியாலை கந்தோருக்குப் போகத் துவங்கினன்.

அடுத்த மாதம் அதே அஞ்சு கேள்வியோடை எங்கடை கரைக்குப் போனன். "வாற வருசம் விலை?" "குறையும்." அடுத்த வீடு, "இறங்கும், இறங்கும்." அதுக்கடுத்த வீடு, "சரிவரும் தங்கச்சி, ஆறேழு மாதத்திலை." நான் விரும்பியிருந்தால் தாளிலை மாத்தி எழுதியிருக்கலாம். "கூடும்" எண்ட பெட்டிக்குள்ளை ஒரு புள்ளடி போட எவ்வளவு நேரம்? ஆரும் கேக்கமாட்டினம். பேனையைக் கொண்டு போனன், கை எழுதமாட்டன் எண்டுது. அவை சொன்னதை அப்பிடியே எழுதினன். எத்தினை பெரிய பொய்யைச் சொன்ன வாய்க்கு, இந்தச் சின்னப் பொய்யை எழுத ஏலாமல் போச்சு. அந்த மனுசி என்னைப் பழக்கின பழக்கம் அது.

மூண்டாம் மாதம் மிஸ் போன் எடுத்தா. குரலிலை ஒரு அவதி. நெடுந்தீவிலை, நயினாதீவிலை, அனலைதீவிலை எல்லாம் சனம் விலை கூடும் எண்டு சொல்லுது. எங்கடை கரையிலை மட்டும் குறையும் எண்டு சொல்லுது. மூண்டு மாதமாய்ச் சொல்லுது. "உங்கடை கரைக்கு மண்ணெண்ணெய் ஏதும் வந்ததோ?"

"இல்லை மிஸ்."

"ஆரும் வந்து கூட்டம் வைச்சவையோ?"

"இல்லை மிஸ்."

"அப்ப ஏன்? கீழை கிடக்கேக்கையே ஒரு ஊர் திரும்புறதை நான் ஒருநாளும் கண்டதில்லை. நான் வாறன். நானே கேக்கவேணும்." வராதேங்கோ எண்டு எந்த வாயாலை சொல்லுறது? பின்னேரம் சங்கக் கந்தோர்க் கதவைப் பூட்டாமலே வீட்டை வந்திட்டன், திறப்பு எங்கை எண்டு மாமி கேட்டாப்பிறகுதான் ஞாபகம் வந்தது.

வந்தா. காலமை பத்து மணியிருக்கும். எங்கடை முத்தத்திலை கதிரை போட்டு இருந்தா. இவர் நிலத்திலை வலையோடை. இஞ்சினை விக்காமல் விட்ட கரைக்காரர் ரெண்டுபேரும் வந்து வேப்பமரத்தடியிலை நிண்டிச்சினம். நான் தேத்தண்ணி ஊத்திற சாட்டிலை குசினிக்குள்ளை நிக்கிறன். கேத்தில் கொதிச்சு மூடி அடிக்குது, இறக்க மறந்துபோனன். ஒவ்வொரு கேள்வியாய்க் கேட்டுக்கொண்டு வந்தா. விலைக் கேள்வி வந்தது.

"குறையும்," எண்டார் இவர்.

"ஏன் தம்பி அப்பிடி நினைக்கிறீர்?"

இவர் சிரிச்சார். "என்னைக் கேக்கிறியளோ? நீங்கள்தானே மிஸ் சொன்னனீங்கள்."

தேத்தண்ணித் தட்டோடை குசினி வாசலிலை நான். மிஸ் என்னைப் பாக்கேல்லை. தாளைத்தான் பாத்துக்கொண்டிருந்தா. "நான் எப்ப சொன்னனான்?"

"இவவிட்டைச் சொல்லிவிட்டனீங்களே. ஆறேழு மாதத்திலை சரிவரும், விக்கவேண்டாம் எண்டு. அதாலைதானே மிஸ் நாங்கள் எல்லாரும் இப்பிடி இருக்கிறம்." வேப்பமரத்தடியிலை நிண்ட ரெண்டுபேரும் தலையாட்டிச்சினம். அவாவுக்கு நன்றி சொல்லுற முகம் அவையின்ரை முகம்.

அவா ஓம் எண்டு சொல்லத் தேவையில்லை. ஒண்டும் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போயிருக்கலாம். மாதாவே, இவா வாயைத் திறக்கக் கூடாது எண்டு நிண்ட நிலையிலை மண்டாடினன். பேனை மூடி சொண்டுக்குப் போச்சு. எனக்கு விளங்கிப்போச்சு.

"தம்பி, நான் அப்பிடிச் சொல்லேல்லை. இவ கேட்டவ. தெரியாது எண்டுதான் சொன்னனான். இப்பவும் எனக்குத் தெரியாது."

நிண்ட ரெண்டுபேரிலை ஒராள் சாறத்தை உதறிக் கட்டிக்கொண்டு, "அப்ப இவ்வளவு நாளும்..." எண்டு துவங்கி முடிக்காமலே படலையைத் திறந்துகொண்டு போனார். மற்றவரும் பின்னாலை போயிட்டார். இவர் வலை ஊசியைக் கீழை வைச்சார். என்னைப் பாத்தார்.

கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து இவர் என்னை நீ எண்டுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் அடியேய். அண்டைக்குச் சொன்னார், "நான் போறது உமக்கு விருப்பமில்லையெண்டால், அதை நீர் சொல்லியிருக்கலாமே."

நீர். பிறத்தியார் பெண்டுகளோடை, கந்தோரிலை இருக்கிற பிள்ளையளோடை கதைக்கிற அந்த நீர்.

"போகாதேங்கோ," எண்டன். "எனக்கு விருப்பமில்லை. போகாதேங்கோ."

"நீர் இதை அண்டைக்குச் சொல்லியிருந்தால் நான் நிண்டிருப்பன். வேறை ஒண்டும் கேட்டிருக்கமாட்டன்." குரல் உயரேல்லை. "இப்ப நீர் சொல்லுறது எனக்கு எது உண்மை, எது பொய்யெண்டு தெரியேல்லை." எழும்பிப் போய்ப் போனை எடுத்தார். காரைநகர் ஆளுக்கு.

மிஸ்ஸைப் பஸ்ஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனன். ஏன் போனன் எண்டு இண்டைக்கும் தெரியாது. பஸ் தரிப்பிலை இருந்து அவா பேனையை மூடப் பாத்தா, மூடி பொருந்தேல்லை. நான் வாங்கி மூடிக் குடுத்தன்.

"நான் வாயை மூடிக்கொண்டு எழும்பி வந்திருக்கவேணும் எண்டு நினைக்கிறீரோ?"

"ஓம்," எண்டன். "உங்களுக்கு உங்கடை உண்மைதான் பெரிசு. என்ரை வீடு போனாலும் காரியமில்லை."

அவா மறுக்கேல்லை, மன்னிப்பும் கேக்கேல்லை. பஸ் வந்தது. ஏறி யன்னலோரம் இருந்தா. பஸ் வெளிக்கிட்ட பிறகும் நான் கொஞ்ச நேரம் அங்கை நிண்டன்.

அந்தக் கிழமையே இஞ்சின் போச்சு. அடுத்த கிழமை வள்ளம். ஏஜென்சிக்குக் காசு கட்டியாச்சு. இவர் போய் மூண்டு கிழமையாகேல்லை, சங்கத்துக்கு மண்ணெண்ணெய் வரத் துவங்கிச்சுது. பங்கீடுதான், எண்டாலும் தொழிலுக்குப் போகலாம். பொய்யெண்டு தெரிஞ்ச பிறகும் சோம்பலிலையோ என்னவோ விக்காமல் வைச்சிருந்த மற்ற ரெண்டுபேரும் வள்ளத்தை இறக்கிச்சினம். என்ரை பொய் அவைக்குச் சரிவந்திட்டுது. காலமையிலை அந்த வள்ளங்களின்ரை சத்தம் வீடுவரைக்கும் கேக்கும். நான் றேடியோவைப் பெலமாய்ப் போட்டுவிடுவன்.

மிஸ்ஸோடை நான் பிறகு வேலைக்குப் போகேல்லை. ஒரு வருசம் கழிச்சு ஒருநாள் அவா போன் எடுத்தா. கட்டுரை முடிஞ்சுதாம். எங்கடை கரையின்ரை மூண்டு மாதத்தையும் வெட்டி எறிஞ்சிருப்பா எண்டு நான் நினைச்சன். இல்லையாம். ஊர்ப் பெயர், ஆள் பெயர் இல்லாமல் எழுதியிருக்கிறாவாம். நம்பிக்கையான ஒராள் சொன்னதாய் வந்த ஒரு பொய்ச் செய்தி மூண்டு மாதம் ஒரு கரையைத் தாங்கி வைச்சிருந்தது, அதை நம்பி விக்காமல் இருந்தவைக்குப் பிறகு நன்மையாய் முடிஞ்சது எண்டு.

"பொய் வேலை செய்தது எண்டுதான் உம்முடைய தாளுகள் சொல்லுது," எண்டா. "எனக்கு அது பிடிக்கேல்லை. ஆனால் எழுதவேணும். உம்மட்டைச் சொல்லாமல் எழுத ஏலாது. அதுதான் எடுத்தனான்."

இந்த மனுசியை என்ன செய்யிறது? தன்னை முறிக்கிற உண்மையையும் எழுதி, என்னட்டையும் அனுமதி கேக்குது. எழுதுங்கோ எண்டன். கோபம் அந்தளவிலை விட்டுப்போச்சு. போனை வைக்கப் போகேக்கை நான்தான் மறிச்சுக் கேட்டன், "மிஸ், ஒரு சொல்லிலை நம்பிக்கை ஒருக்காப் போனால், திரும்பி வர எவ்வளவு காலமெடுக்கும்?"

அங்காலை பேனை மூடி சொண்டிலை இருக்கும் எண்டு நினைச்சன்.

"தெரியாது," எண்டா. "ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டும், சொன்னபடி நடந்துகொண்டும் இருக்கவேணும். சில இடத்திலை வந்திருக்கு. சில இடத்திலை வரேல்லை." இன்னும் ஏதோ சொல்ல வெளிக்கிட்டு நிப்பாட்டினா. சரிவரும் எண்ட அந்தச் சொல்லைத்தான் சொல்லப் பாத்திருப்பா எண்டு எனக்கு ஒரு நினைப்பு. சொல்லேல்லை. சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டன்.

அவா பிறகு வேறை நாட்டுக்குப் படிப்பிக்கப் போயிட்டாவாம். குறிகட்டுவான் கடைக்காரர்தான் சொன்னார். தேத்தண்ணி விலையைக் கடைசிவரைக்கும் தான் பிழையாய்த்தான் சொன்னதெண்டு சொல்லிச் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

இவர் ரெண்டு வருச ஒப்பந்தம் முடிஞ்சு, இன்னொருக்காப் புதுப்பிச்சிருக்கிறார். ஞாயிறுக்கு ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்து நான் போன் எடுப்பன். முதலிலை மாமியோடை கதைப்பார். பிறகு என்னட்டைத் தருவா. சுத்திவளைக்காமல் நான் ஒண்டைத்தான் சொல்லுறனான், வாங்கோ எண்டு. இஞ்சை ஆரும் சொல்லச் சொன்னதெண்டில்லை, எனக்கு வேணும், வாங்கோ எண்டு. போன ஞாயிறும் சொன்னன்.

"பாப்பம்," எண்டார். "நீர் யோசியாதையும். நேரத்துக்குச் சாப்பிடும்."

நல்ல மரியாதையாய்த்தான் கதைக்கிறார்.